படங்களைப் பார்த்து முடித்தபின் முப்பத்தொன்பது படிகள்

மார்ச் 2, இரவு 9.40

நேராகக் கேட்டுவிடுகிறேன். ‘தி தர்ட்டி-நைன் ஸ்டெப்ஸ்’ நாவலை, எந்தப் படத்தையும் பார்க்காமல் முதலில் படித்தவர்கள் யாராவது உண்டா? அவர்களுக்குப் பிடித்ததா? எனக்கு ஏமாற்றமாக இருக்கிறது.

1935இல் ஹிட்ச்காக் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தைப் பத்துப் பன்னிரண்டு தடவையாவது பார்த்திருப்பேன். பாதி வசனம் மனப்பாடம். 1959இல் கென்னத் மோர் நடித்த வண்ணப்படம், 1978இல் ராபர்ட் பவல் நடித்தது, 2008இல் பிபிசி எடுத்தது, எல்லாம் ஆயிற்று. இத்தனைக்கும் மூலமான ஜான் பக்கனின் நாவலை மட்டும் தொட்டதில்லை. சின்னப் புத்தகம், பத்தே அத்தியாயம், இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று எடுத்தேன். நான்கு அத்தியாயம் தாண்டியாயிற்று. படத்தில் பார்த்தது எதுவும் காணோம். கதாநாயகி இல்லை. ஹானேயையும் அவளையும் சேர்த்துப் பூட்டும் கைவிலங்கு இல்லை. ரயிலிலிருந்து அவன் தப்பும் ஃபோர்த் பாலம் இல்லை. மேடைக் கலைஞர் மிஸ்டர் மெமரி இல்லை. சுண்டுவிரல் நுனி போன வில்லன் இல்லை. இவ்வளவையும் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? ஓர் ஆள் புதர்க்காட்டில் ஓடிக்கொண்டே இருக்கிறான்.

என் கட்சி இதுதான்: ஹிட்ச்காக் தலைப்பையும் நாயகன் பெயரையும் மட்டும் எடுத்துக்கொண்டார். மற்றதெல்லாம் அவர் கைச்சரக்கு.

மார்ச் 2, இரவு 11.15

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1914 மே மாதம். ரிச்சர்ட் ஹானே, 37 வயதுச் சுரங்கப் பொறியாளர். ஆறு வயதில் ஸ்காட்லாந்திலிருந்து அப்பா கூட்டிக்கொண்டு போனதோடு சரி, வளர்ந்ததெல்லாம் தென்னாப்பிரிக்கப் பக்கம். ஓரளவு சம்பாதித்துக்கொண்டு லண்டன் வந்து மூன்று மாதம் ஆகிறது, ஊர் சலித்துவிட்டது. மேல்மாடியில் குடியிருக்கும் ஸ்கடர் என்ற அமெரிக்கன் ஒரு மாலை கதவருகே வந்து, தான் இப்போது செத்துப்போனவன், கொஞ்சம் ஒளித்துவைக்க முடியுமா என்கிறான். கிரேக்கப் பிரதமர் கரோலிடிஸை ஜூன் 15 அன்று லண்டனில் தீர்த்துக்கட்டச் சதி நடக்கிறதாம். சில நாள் கழித்து ஹானே வீடு திரும்பினால் ஸ்கடர் தரையோடு தரையாகக் கத்தி பாய்ந்து கிடக்கிறான். பழி ஹானே தலையில். போலீஸும் துரத்தும், கொன்றவர்களும் துரத்துவார்கள். ஸ்காட்லாந்துக்கு ரயில் ஏறுகிறான்.

படத்தில் ஸ்கடருக்குப் பதில் அனபெல்லா என்று ஒருத்தி வருவாள். அவளும் கத்திக்குத்தில்தான் போவாள், கையில் ஸ்காட்லாந்து வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு.

மார்ச் 3, காலை 7.05

ராத்திரி எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. பால்காரர் நாவலிலும் இருக்கிறார். வீட்டைக் கண்காணிப்பவர்களை ஏமாற்ற, காலையில் வரும் பால்காரரின் தொப்பியையும் மேலங்கியையும் இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு வெளியேறுவது பக்கனின் யோசனைதான்.

ஆனால் செய்திருக்கும் விதத்தைப் பாருங்கள். நாவலில் ஹானே ஒரு தங்கப் பவுனை நீட்டி, பந்தயம் கட்டியிருக்கிறேன், பத்து நிமிஷம் பால்காரனாக இருக்க வேண்டும் என்கிறான். ஆள் சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்துவிடுகிறார். படத்தில் ஹானே முதலில் உண்மையைச் சொல்கிறான்: மேலே கொலை நடந்திருக்கிறது, கொலைகாரர்கள் வெளியே நிற்கிறார்கள். பால்காரர் நம்பவில்லை. உடனே மாற்றி, மேலே ஒருத்தியோடு இருந்தேன், அவள் கணவன் பக்கத்து ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று அளந்துவிடுகிறான். அதை அப்படியே நம்பி உடுப்பைக் கொடுக்கிறார். இரண்டு நிமிஷக் காட்சியில் படம் முழுக்க நடக்கப்போவதைச் சொல்லியாயிற்று. இவன் உண்மை பேசினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

படம் 1, நாவல் 0. (மதிப்பெண் போடும் பழக்கத்தை விட வேண்டும்.)

மார்ச் 3, இரவு 10.20

பக்கன் இதை எழுதிய நிலைமையைத் தேடிப் படித்தேன். 1914இல் போர் தொடங்கிய சமயம், வயிற்றுப் புண்ணோடு கென்ட் கடற்கரையில் பிராட்ஸ்டேர்ஸ் என்ற ஊரில் படுத்துக் கிடந்திருக்கிறார். நோயில் படிப்பதற்கு வைத்திருந்த மலிவு விலைத் துப்பறியும் கதைகள் தீர்ந்துபோயின. சரி, ஒன்று நானே எழுதிக்கொள்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டார். சமர்ப்பணப் பக்கத்தில் அவரே இதைச் சொல்கிறார். 1915இல் பிளாக்வுட்ஸ் பத்திரிகையில் தொடராக வந்து, அதே ஆண்டு அக்டோபரில் புத்தகமானது. போர்முனைப் பதுங்குகுழிகளில் சிப்பாய்கள் கைமாற்றிப் படித்திருக்கிறார்கள்.

இது தெரிந்தபின் கோபம் கொஞ்சம் இறங்கியது. படுக்கையில் கிடக்கும் மனிதர் தன்னை மலைமேடெல்லாம் ஓடவிட்டுப் பார்க்கிறார்.

மார்ச் 5, இரவு 8.50

ஐந்தாம் அத்தியாயம். ஹானே திறந்த வெளியில், ஒதுங்க ஒரு மரம்கூட இல்லாத மேட்டில் மாட்டிக்கொள்கிறான். மேலே ஒரு விமானம் வட்டமிட்டுத் தேடுகிறது. 1914இல்! விமானம் என்பதே பலருக்கு வேடிக்கைப் பொருளாக இருந்த காலம். மேலிருந்து ஒரு கண் பார்த்துக்கொண்டே இருக்கிறது, கீழே ஒளிய இடமில்லை. இந்தப் பயத்தை 1935 படம் அப்படியே விட்டுவிட்டது. பிறகு ஹிட்ச்காக்கே 1959இல் ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’ எடுத்தபோது சோள வயல் பக்கம் விமானம் துரத்தும் காட்சியாக வைத்துக்கொண்டார். 24 ஆண்டு கழித்துக் கடன் வாங்கியது என்பேன்.

மார்ச் 5, இரவு 9.30

தவறு. 1935 படத்தை எடுத்து ஓட்டிப் பார்த்தேன். ஹானே மேட்டில் ஓடும்போது வானத்தில் ஆட்டோஜைரோ ஒன்று சில விநாடி வருகிறது. தலையில் விசிறி வைத்த விமானம் மாதிரி. பத்துப் பன்னிரண்டு தடவை பார்த்தவன் என்று பீற்றிக்கொண்டேனே, இது கண்ணில் படவே இல்லை. அதாவது, விசையோடு தப்பும் வேறு காட்சிகளுக்காகக் காத்திருந்ததில் இது நழுவிவிட்டது.

நாவலைப் படித்ததால் படத்தில் ஒன்று தெரிந்தது. குறித்துக்கொள்கிறேன்.

மார்ச் 6

மூன்றாம் அத்தியாயத்து விடுதிக்கார இளைஞனைப் பற்றிச் சொல்லாமல் விட்டது பாவம். பாட்டியோடு சேர்ந்து சாலையோர விடுதி நடத்துகிறான். ஆசையெல்லாம் கிப்ளிங், கான்ராட் மாதிரி எழுத வேண்டும் என்பதில். ஹானே அவனிடம் தன் கதையைக் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறான். பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, இது அப்பட்டமான ரைடர் ஹாகர்டும் கானன் டாயிலும்தான் என்கிறான். நம்பியும் விடுகிறான்! எதார்த்தமாக இருந்தால்தான் நம்பமாட்டானாம்.

தன் கதை எவ்வளவு நம்ப முடியாதது என்று பக்கனுக்கே தெரிந்திருக்கிறது. படத்துப் பால்காரர் காட்சியும் இதுவும் ஒரே சங்கதி இல்லையா? பொய்யான கதை எடுபடும், உண்மை எடுபடாது. அப்படியானால் அந்தக் காட்சிக்கு விதை இங்கே கிடக்கிறது. 3ஆம் தேதி போட்ட மதிப்பெண்ணை வாபஸ் வாங்குகிறேன்.

மார்ச் 7

இன்று ஒரு பக்கம்கூட நகரவில்லை.

மார்ச் 8, இரவு 10.05

விதை என்ற சொல்லை எழுதியதிலிருந்து மனசு ஒப்பவில்லை. மூன்றாம் அத்தியாயத்தின் தொடக்கத்துக்குத் திரும்பிப்போனேன். ஃபோர்த் பாலம் வருமா வருமா என்று முதல் தடவை தாவித் தாவிப் படித்த பக்கங்கள் அவை.

ரயில் வழியில் நிற்கிறது. எங்கே நிற்கிறது தெரியுமா? இரைந்து ஓடும் ஆற்றின் மேல் கட்டிய மதகுப் பாலத்தின் முனையில். ஹானே சத்தமில்லாமல் இறங்கி ஆற்றோரப் புதருக்குள் நழுவப் பார்க்கிறான். பெட்டியில் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த மேய்ப்பனின் நாய் குரைத்துக் காட்டிக்கொடுக்கிறது. மேய்ப்பன் விழித்து, ஆள் தற்கொலை செய்துகொண்டான் என்று கூப்பாடு போடுகிறான். கடைசியில் மேய்ப்பனே நாயோடு உருண்டு விழ, எல்லோர் கவனமும் அந்தப் பக்கம் போகிறது. ஹானே தப்பிக்கிறான்.

ரயில், பாலம், நடுவழியில் நிற்பது, இறங்கி மறைவது. எல்லாம் இருக்கிறது. ஹிட்ச்காக் செய்தது மதகை எடுத்துவிட்டு ஸ்காட்லாந்தின் பிரம்மாண்டமான எஃகுப் பாலத்தை வைத்தது. நாயும் குடிகாரனும் போய்விட்டார்கள். எனக்கு இப்போது அந்த நாய் வேண்டும்.

2ஆம் தேதி சொன்ன பட்டியலில் ஒன்று அடிபட்டது. மிச்சம் நான்கு.

மார்ச் 9

கசப்பான விஷயம் ஒன்று. முதல் அத்தியாயத்தில் ஸ்கடர் உலகத்துச் சதிக்கெல்லாம் யூதர்கள்தான் காரணம் என்று பக்கம் பக்கமாகப் பேசுகிறான். படிக்கவே கூசுகிறது. எந்தப் படத்திலும் இது இல்லாததால் நான் தயாராக இல்லை. பின்னால் வெளியுறவுத் துறைப் பெரியவர் சர் வால்டர் புல்லிவன்ட், ஸ்கடருக்கு விசித்திரமான துவேஷங்கள் உண்டு, யூதர் என்றாலே அவனுக்குக் கண் சிவந்துவிடும் என்று ஒதுக்கிவிடுகிறார். ஸ்கடரின் குறிப்பேட்டில் இருக்கும் உண்மைச் சதியும் வேறு: கறுப்புக் கல் என்ற ஜெர்மன் உளவுக் கும்பல் பிரிட்டிஷ் கடற்படையின் போர்க்கால ஏற்பாடுகளைத் திருடப் பார்க்கிறது.

இதனால் பக்கன் தப்பித்துவிட்டாரா? கதாபாத்திரம் பேசியது, ஆசிரியர் பேசவில்லை என்று ஒரு வாதம் உண்டு. எனக்கு முழுக்க ஒப்புதல் இல்லை. அதே அத்தியாயத்தில் ஸ்கடர் ஹானேயைப் புகழ, நீங்கள் வெள்ளைக்காரர் என்கிறான். நம்பத்தக்க ஆள் என்று அர்த்தம். இதை ஒதுக்கித் தள்ள எந்தச் சர் வால்டரும் வருவதில்லை. ஹானேயும் ஆப்பிரிக்காவில் மட்டபெலே மக்களுக்கு எதிரான காலனிச் சண்டையில் பழகிய ஆள்தான். காலம் அப்படி என்று சொல்லலாம். காலம் அப்படி என்று தெரிந்துகொண்டே படிக்கவும் வேண்டியிருக்கிறது.

மார்ச் 10, காலை

கதாநாயகி இல்லை என்றதில், பெண்களே இல்லை என்ற மாதிரி ஆகிவிட்டது. திருத்தம். மலைப்பக்கத்தில் ஒரு மேய்ப்பன் மனைவி ஹானேக்குச் சாப்பாடும் படுக்கையும் தருகிறாள், காசு வாங்க மறுக்கிறாள். படத்தில் பெக்கி ஆஷ்க்ராஃப்ட் நடித்த குடியானவன் மனைவி இங்கிருந்து கிளைத்திருக்கலாம் என்பது என் ஊகம். அந்தப் படத்தில் என்னை எப்போதும் கலங்கவைப்பது அவள்தான், கதாநாயகி மேடலின் கரோல் இல்லை.

ஏழாம் அத்தியாயத்தில் இன்னொருத்தி. தனியாக இருக்கும் வயதான பெண்மணி. அடிபட்டு, அலங்கோலமாகக் கதவில் வந்து நிற்கும் ஹானேயைப் பார்த்துத் திடுக்கிட்டாலும், பக்கத்திலேயே கோடாலி வைத்திருக்கிறாள். தப்பான ஆளாக இருந்திருந்தால் போட்டிருப்பாளாம். நாவலில் உருப்படியான ஆயுதம் வைத்திருக்கும் ஒரே பெண். அவளை வைத்து யாரும் படம் எடுக்கவில்லை.

மூன்றாவது ஒருத்தி பெயராக மட்டும் வருகிறாள்: ஜூலியா. அவள் பெயர் ஸ்கடரின் சங்கேதக் குறிப்பைத் திறக்கும் சாவிச் சொல். ஆளே வரவில்லை. நாவலில் பெண்ணுக்குக் கிடைத்த இடம் அவ்வளவு.

ஹானேயை ஒருத்தியோடு சேர்த்துப் பூட்டும் கைவிலங்கு மட்டும் எங்கேயும் இல்லை. அது முழுக்கப் படக்காரர்களுடையது. முரண்டுபிடிக்கும் இரண்டு பேரை ஒரே சங்கிலியில் பூட்டிவிட்டால் மற்றதைப் பார்வையாளர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

மார்ச் 12, இரவு 11.50

தூக்கம் போயிற்று. எட்டாம் அத்தியாயம்.

தெரியாதவர்களுக்கு: மிஸ்டர் மெமரி என்பவர் படத்தில் மேடைக் கலைஞர். எந்தத் தகவல் கேட்டாலும் சொல்வார். ராணுவ ரகசியத்தைக் காகிதமாக வெளியே கொண்டுபோக முடியாததால், ஒற்றர்கள் அவர் தலைக்குள் ஏற்றிக் கடத்தப் பார்க்கிறார்கள். கடைசியில் லண்டன் பலேடியம் அரங்கில் ஹானே எழுந்து, முப்பத்தொன்பது படிகள் என்றால் என்ன என்று கத்த, கேள்வி கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற தொழில் தர்மம் அந்த மனிதரைக் கொன்றுவிடும். சினிமா கண்டுபிடித்த மிக நல்ல பாத்திரங்களில் ஒன்று என்று பல வருஷமாகச் சொல்லிவந்திருக்கிறேன்.

இப்போது நாவல். கடற்படைத் தலைவர் போல் வேஷமிட்ட ஒற்றன் ரகசியக் கூட்டத்திலேயே உட்கார்ந்து, தாள்களைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விடுகிறான். அவன் போன பிறகுதான் இவர்களுக்கு விளங்குகிறது. ஆனால் அவன் எதையும் எடுத்துப்போகவில்லையே, இத்தனை எண்களையும் பெயர்களையும் தலையில் வைத்துக்கொண்டா போவான் என்று சந்தேகம் வருகிறது. பிரெஞ்சுக்காரர் ருவாயே சொல்கிறார்: நல்ல ஒற்றனுக்கு அது பயிற்சி. உங்கள் மெக்காலே மாதிரி. அந்தத் தாள்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தான் அல்லவா, ஒவ்வொன்றும் அவன் மனத்தில் பதிந்திருக்கும்.

ரகசியம் ஒரு மனிதனின் ஞாபகத்தில் நடந்து வெளியேறுகிறது. மிஸ்டர் மெமரி அங்கேதான் பிறந்திருக்கிறார், ஒரே ஒரு பத்தியில்.

மெக்காலே என்றால் நமக்கு ஆங்கிலக் கல்விக் குறிப்புதான் ஞாபகம் வரும். அந்த மனுஷரின் ஞாபகசக்தி அவர்கள் ஊரில் பழமொழி மாதிரியாம். அந்தக் குறிப்பு 1835, படம் 1935. இதற்கு ஒரு அர்த்தமும் இல்லை, சொல்லிவைத்தேன்.

மார்ச் 13, காலை 6.30

ராத்திரி எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஆர்வக்கோளாறு. ஹிட்ச்காக்கின் திரைக்கதையாளர் சார்லஸ் பென்னட் இந்தப் பத்தியிலிருந்துதான் மிஸ்டர் மெமரியை எடுத்தார் என்று நான் நிரூபிக்கவில்லை. அந்தக் கால இங்கிலாந்து மேடைகளில் டேட்டஸ் என்ற பெயரில் ஞாபகசக்தி வித்தை காட்டிய நிஜ ஆள் ஒருவர் உண்டு. அவர்தான் முன்மாதிரி என்பார்கள். இரண்டுமாக இருக்கலாம். மேடைக்காரரை எங்கே பொருத்துவது என்று பக்கனின் பத்தி இடம் காட்டியிருக்கலாம். ‘பிறந்திருக்கிறார்’ என்பதை ‘பிறந்திருக்கலாம்’ என்று படியுங்கள்.

மார்ச் 13, இரவு 9.10

படிகளுக்கு வந்துவிட்டேன்.

படம் பார்த்தவனுக்கு இது பெரிய இடைஞ்சல். 1935 படத்தில் முப்பத்தொன்பது படிகள் என்பது ஓர் ஒற்றர் அமைப்பின் பெயர். நாவலில் ஸ்கடரின் குறிப்பேட்டில், முப்பத்தொன்பது படிகள், எண்ணிப் பார்த்தேன், உயர்அலை இரவு 10.17 என்று இருக்கிறது. அமைப்பை எப்படி எண்ணிப் பார்ப்பான் என்று விழித்தேன். கடைசியில் படி என்றால் படிதான். கடற்கரைக்கு இறங்கும் படிக்கட்டு. 1978 படத்தில் லண்டன் மணிக்கூண்டின் படிகளாக்கி, ராபர்ட் பவலைப் பிக்பென் நிமிஷமுள்ளில் தொங்கவிட்டார்கள். அதுவும் வேடிக்கைதான், நாவலில் அந்த மணிக்கூண்டுக்கு ஒரு வேலையும் இல்லை.

நம் மொழியில் இது இன்னும் வேடிக்கை. படி என்றால் படிக்கட்டு, அளக்கும் படி, நகல், ‘வாசி’ என்கிற கட்டளை. நான் இத்தனை வருஷம் மூலத்தை விட்டுவிட்டு நான்கு படிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவன்.

சரி, எந்தப் படிக்கட்டு என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? இது எனக்கு ரொம்பப் பிடித்தது. துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. நள்ளிரவில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து யோசிக்கிறார்கள். அலை நேரம் முக்கியம் என்றால் துறைமுகமாக இருக்காது. படி எண்ணிக்கை முக்கியம் என்றால் அந்த இடத்தில் பல படிக்கட்டுகள் இருக்க வேண்டும், அவற்றில் ஒன்றைக் குறிக்கவே எண். ஜெர்மனிக்கு ஓடுபவன் கிழக்குக் கரையைத்தான் தேடுவான். கடலோரக் காவலில் இருந்த அனுபவசாலி ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டால், கென்ட்டில் சுண்ணாம்புப் பாறை முகடு ஒன்று இருக்கிறது, மேலே பங்களாக்கள், ஒவ்வொன்றுக்கும் கடலுக்கு இறங்கத் தனிப் படி என்கிறார். மறுநாள் எண்ணிப் பார்த்துக் கணக்குச் சொல்கிறார்கள்: 34, 35, 39, 42, 47, பாறை தாழும் இடத்தில் 21. ஹானே எழுந்து கத்தாத குறை.

நிஜத்திலும் ஒரு படிக்கட்டு உண்டு. பிராட்ஸ்டேர்ஸில் பக்கன் இருந்த இடத்திலிருந்து கடற்கரைக்கு மரப்படிகள். அப்போதுதான் எண்ணக் கற்றுக்கொண்ட, ஆறு வயதான மகள் இறங்கிப் பார்த்து, முப்பத்தொன்பது என்று கத்தினாளாம். பக்கனின் மகன் பிற்காலத்தில் எழுதியது. உலகப் புகழ்பெற்ற தலைப்பு ஒரு குழந்தையின் கணக்குப் பாடம்.

மார்ச் 14, இரவு 10.40

முடித்துவிட்டேன். கடைசி அத்தியாயத்தைப் பற்றி நீளமாக எழுத வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

39 படிகளுக்கு மேல் இருக்கும் வீட்டின் பெயர் ட்ரஃபால்கர் லாட்ஜ். ஹானே தொலைநோக்கியில் பார்க்கிறான். கிழவர் ஒருவர் பேப்பர் படிக்கிறார். பருமனான ஆள் ஒருவரும் ஒல்லியான இளைஞன் ஒருவனும் டென்னிஸ் ஆடுகிறார்கள், ஒருவரை ஒருவர் கிண்டல் செய்கிறார்கள். இவர்கள்தான் ஐரோப்பாவைப் பற்றவைக்கப்போகும் கும்பலா? இரவு உணவு முடிந்த நேரம் ஹானே கதவைத் தட்டுகிறான். கூடத்தில் கோல்ஃப் மட்டைகள், டென்னிஸ் மட்டைகள், மழைக்கோட்டுகள், பழைய நின்ற கடிகாரம். நடுத்தர வர்க்க ஆங்கிலேயர் வீட்டில் இருக்க வேண்டியது எல்லாம் இருக்கிறது. அதுதான் அவனைக் கொல்கிறது. மலைவாசி, நாடோடி, கப்பல்காரன், யாரோடும் பழகத் தெரிந்தவன் ஹானே. இந்தப் புறநகர் வீட்டு மனிதர்களைத்தான் அவனுக்குத் தெரியாது. அவனே ஒத்துக்கொள்கிறான்.

கொலைக் குற்றத்துக்காகக் கைது செய்ய வந்திருக்கிறேன் என்கிறான். கிழவர் ஆடிப்போகிறார். இளைஞன் கோபப்படுகிறான். பருமனானவர், நல்ல தமாஷ், ஆனால் தப்பு எங்கேயோ நடந்திருக்கிறது என்கிறார். ஒவ்வொருவரும் அன்றைக்கு எங்கே இருந்தேன் என்று சாட்சி சொல்கிறார்கள். முகங்களை உற்றுப் பார்க்கிறான். ஒன்றுகூட மலையில் பார்த்த முகம் இல்லை. அவமானத்தில் காது சிவக்கிறது. அப்புறம் வேறு வழியில்லாமல் நால்வரும் பிரிட்ஜ் ஆட உட்காருகிறார்கள்! தான் முட்டாளாகிவிட்டோம் என்று தெரிந்த மனிதன், கையில் சீட்டை வைத்துக்கொண்டு, மோசமாக ஆடிக்கொண்டிருக்கிறான். சன்னலுக்கு வெளியே போலீஸ் பதுங்கியிருக்கிறது.

கிழவர் சுருட்டுப் பற்றவைக்கச் சீட்டைக் கீழே வைக்கிறார். உடனே எடுக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து, விரல்களால் முழங்காலைத் தட்டுகிறார்.

அவ்வளவுதான். முன்பு ஹானே மாட்டிக்கொண்ட மலைப் பண்ணைவீட்டில், பின்னால் துப்பாக்கிகள் நிற்க, ஹானே முன்னால் உட்கார்ந்திருந்த மனிதர் அப்படித்தான் தட்டினார். ஒரு விநாடியில் மூன்று முகங்களும் மாறிவிடுகின்றன. மாறியது அவர்கள் முகம் இல்லை, இவன் பார்வை.

இதற்கு ஆறு அத்தியாயமாகத் தயார் செய்திருக்கிறார் பக்கன். ஹானேயின் பழைய வேட்டைக்காரச் சிநேகிதன் பீட்டர் பியனார் சொன்னது அவனுக்கு நினைவுக்கு வரும்: மட்டி வேறு மாதிரித் தெரியப் பார்ப்பான், கெட்டிக்காரன் அப்படியே தெரிவான், ஆனால் வேறு ஆளாக இருப்பான். ஹானே சாலைப் பணியாளாக வேஷம் போடும்போது மண்ணைப் பூசிக்கொண்டு கல் உடைத்ததோடு நிற்கவில்லை, அந்த ஆளாகவே நினைக்கப் பார்த்தான். அப்போதும் துரத்தி வந்தவன் பூட்ஸைக் கண்டுவிட்டான். இது கிராமத்துச் செருப்புத் தைப்பவன் தைத்ததில்லையே என்றான். போன வருஷம் வேட்டைக்கு வந்த துரை கொடுத்தது என்று சமாளித்தான். அங்கே பூட்ஸ், இங்கே விரல். ஒரே பாடம், இந்தத் தடவை இவன் பக்கம்.

ஒட்டுத்தாடி இல்லாமல், நீக்குப்போக்கான நல்ல மனிதர்களாகவே வாழ்ந்து ஒளிந்திருப்பவர்கள். இந்தக் கூச்சத்தை, நான்தான் தப்போ என்ற நடுக்கத்தை, நான் பார்த்த ஒற்றர் படங்கள் எதுவும் எனக்குத் தந்ததில்லை.

மார்ச் 14, இரவு 11.20

விரல்! பட்டியலில் விரலும் அடிபட்டுவிட்டது. எழுதும்போது உறைக்கவே இல்லை.

மார்ச் 15

கணக்குப் பார்க்கும் புத்தி போகாது. கொலைத்திட்டம் ஜூன் 15. கதை அதையொட்டி முடிகிறது. என் கையில் இருக்கும் பதிப்பின் கடைசிப் பத்தி, மூன்று வாரம் கழித்து உலகமே அறிந்தபடி போருக்குப் போனோம் என்கிறது. பிரிட்டன் போர் அறிவித்தது 1914 ஆகஸ்ட் 4. ஏழு வாரம் வருகிறது. படுக்கையில் எழுதியவர் நாள்காட்டி பார்க்கவில்லை போலும். நிஜத்தில் ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டதுதான் தீப்பொறி. பக்கன் இரண்டு வாரம் முன்னால் ஒரு கிரேக்கரைக் கொன்றுவிட்டார்.

மார்ச் 17, இரவு 12.10

1935 படத்தை மறுபடி போட்டேன். இந்தத் தடவை நாவலை முடித்த கண்ணோடு.

பேராசிரியர் ஜோர்டன் வீட்டுக் காட்சி. விருந்தாளிகள் நிறைந்த, மரியாதையான வீடு. விருந்தாளிகள் கிளம்பிய பின் ஹானே அவரிடம் எல்லாவற்றையும் கொட்டுகிறான். எதிரியின் சுண்டுவிரலில் ஒரு கணு இருக்காது என்று அனபெல்லா சொன்னாள் என்கிறான், தன் இடது கையைக் காட்டி. இந்த விரல்தானா, நிச்சயமாகத் தெரியுமா, இதுவாக இருக்கக்கூடாதா என்று அவர் வலது கையைத் தூக்குகிறார். நுனி இல்லை. நடுவில் அவர் மனைவி கதவைத் திறக்கிறாள். கணவர் கையில் துப்பாக்கி. அவளுக்கு ஆச்சரியமே இல்லை, சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறாள்.

ட்ரஃபால்கர் லாட்ஜ் இதுதான். மரியாதையான வீடு, சாதாரணக் குடும்பம், உள்ளே ஒற்றன், காட்டிக்கொடுப்பது விரல். கடைசி அத்தியாயத்தைத் தூக்கி நடுவில் வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு வித்தியாசம். பக்கனின் கிழவர் தட்டுவது பழக்கம். அதைப் பார்க்க ஹானே ஒருவனால்தான் முடியும், அவனுக்கும் ஒரு கணம்தான். ஹிட்ச்காக்கின் விரல் ஊனம். அரங்கில் கடைசி வரிசையில் உட்கார்ந்தவருக்கும் தெரியும். திரையில் முழங்காலைத் தட்டுவதைக் காட்டியிருந்தால் பாதிப் பேர் தவறவிட்டிருப்பார்கள். ஆட்டோஜைரோவையே தவறவிட்டவன் நான்.

2ஆம் தேதிக் கட்சியை விட்டுவிட்டேன். இரண்டு பேரைப் பூட்டிய அந்தக் கைவிலங்கு மட்டும் என் பக்கம் நிற்கிறது.

மார்ச் 20

யாரோ கேட்டிருந்தார்கள், அடுத்து என்ன என்று. ஹானே வரும் அடுத்த நாவல் ‘க்ரீன்மேன்ட்டில்’, 1916. முதல் அத்தியாயத்தில் இருக்கிறேன். காலைச் சாப்பாடு முடித்துப் புகையிலைக் குழாயை நிரப்பும்போது புல்லிவன்ட்டிடமிருந்து தந்தி வருகிறது. ஹிட்ச்காக் இதையும் எடுக்க ஆசைப்பட்டு நடக்காமல் போயிற்று.

படமே இல்லாத நாவல். இருபது பக்கம் போய்விட்டது, எதற்காகக் காத்திருப்பது என்று தெரியாமல் எல்லா வரியையும் படித்துக்கொண்டிருக்கிறேன். ரொம்ப மெதுவாகப் போகிறது.